நம் இரண்டு கைகள் வரைந்த சூரியன்

தகர டப்பாவைத் திறந்தால் இன்னும் கிராம்பு வாசம் வருகிறது. உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக் வைக்கிற டப்பா. மூடியில் இரண்டு மான்கள், ஒன்றின் கொம்பு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. வருஷா வருஷம் ஆபீசுக்கு அதில்தான் கேக் கொண்டுவருவாய், ஆளுக்கு ஒரு துண்டு, அதுவும் விரல் கனத்துக்கு. இரண்டு மாதத்துக்கு முன்னால் உன் அண்ணன் லிங்கராஜபுரத்திலிருந்து ஆடுகோடியில் என் வீடு வரைக்கும் பைக்கில் வந்து இதைக் கொடுத்தார். "அவ ரூமை ஒழிச்சோம். ஆபீஸ் பேப்பர் மாதிரி இருக்கு. அம்மா உங்ககிட்டயே குடுத்துரச் சொன்னாங்க" என்றார். காபி வேண்டாமென்றார். உள்ளே கேக் இருக்காது என்று தெரிந்தும், மூடியைத் திறந்த நொடியில் எனக்கு வாய் ஊறியது. வெட்கமாகப் போய்விட்டது.

உள்ளே இருந்தவை பன்னிரண்டு டிரேசிங் தாள்கள். அவற்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நேராக அங்கே போகத் துணிச்சல் வரவில்லை. சுற்றிவருகிறேன், பொறுத்துக்கொள். எப்போதும் நான்தான் நேரே போய் முட்டிக்கொள்கிறவள், சுற்றிவருகிறவள் நீ. இன்றைக்கு ஒரு நாள் மாறட்டும்.

நம் வேலையை உன் அம்மாவுக்கு நீ சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "சூரியன் எப்பவும் ஒரே அளவு வெளிச்சம் தர்றதில்லம்மா. துளி கூடும், துளி குறையும். இப்ப அளக்க சாட்டிலைட் இருக்கு. அது வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு பழைய போட்டோவ வெச்சுக் கணக்குப் போடறோம்." உன் அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே, "போன வெயில இப்ப அளந்து என்னத்தப் பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "வரப்போற வெயிலுக்கு இதுதான்மா அடி அளவு" என்றாய். பொறுமை என்றால் உனக்குத்தான்.

ஆபீசின் மூன்றாவது மாடி அறையை நினைத்துப் பார்க்கிறேன். திரை இழுத்து மூடிய ஜன்னல், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கணினி, நடுவில் ஒரு பிளாஸ்க். மலைமேல் இருந்த ஆய்வுக்கூடத்தில் அந்தக் காலத்து ஆட்கள் நாள் தவறாமல் கண்ணாடித் தகட்டில் எடுத்த சூரியப் படங்கள், ஒரு நாளைக்கு ஒரு பிளேட். கரும்புள்ளிகள் வெளிச்சத்தைக் குறைக்கும். அவற்றைச் சுற்றிப் படர்ந்திருக்கும் வெள்ளைத் திட்டுகள் கூட்டும். எந்த நாளில் எவ்வளவு புள்ளி, எவ்வளவு திட்டு என்று அளந்து, கணக்குப் போடுகிற கணினி மாடலுக்குக் கொடுத்தால், அன்றைக்குச் சூரியன் எவ்வளவு ஆற்றலைக் கொட்டியது என்று அது திருப்பிச் சொல்லும். புள்ளிக்கு ஓரம் உண்டு, கணினியே பிடித்துவிடும். திட்டுதான் பாடாய்ப் படுத்தும். மேகத்தையும் கீறலையும் கணினி திட்டென்று எண்ணிக்கொள்ளும். அதனால் கையால் எல்லை போட்டோம். கணினித் திரைமேல் பேனாவை வைத்து, ஒவ்வொரு திட்டையும் சுற்றி ஒரு கோடு. திட்டு சட்டென்று முடியாது, பால் சிந்தின மாதிரி மெல்ல மெல்ல வெளுத்துப் போகும். எங்கே நிறுத்துவது என்பது அவரவர் கையின் இஷ்டம்.

என் கை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? வாணியம்பாடியில் எங்கள் வீட்டில் யாருக்குமே அளந்து போடத் தெரியாது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் உன் மூடியில் சோற்றை நான் குவிப்பேன். "போதும்டீ, யாரு தின்றது? வாரிக் கொட்டாத" என்பாய். உன் டப்பாவிலிருந்து எனக்கு வருவது ஒரு கரண்டி பொரியல், அதையும் தட்டிச் சமன் செய்துதான் வைப்பாய். "கஞ்சப் பிசினாறி" என்று நான் திட்டாத நாள் உண்டா? டீ ஊற்ற நான் எழுந்தால் அறையே டம்ளரை நீட்டும். நீ எழுந்தால் "ஐயோ, அவங்களா?" என்று முனகல். எல்லோரும் சிரித்தோம். வருஷக்கணக்காகச் சிரித்தோம். அதே இரண்டு கைகள்தான் சூரியனுக்கும் எல்லை போட்டுக்கொண்டிருந்தன என்று ஒருத்தருக்குக்கூட உறைக்கவில்லை, உன்னைத் தவிர.

வேலை தொடங்கிய வாரமே நீ சொன்னாய். "பிளேட் எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுருவோம், சீட்டுக்கட்டு மாதிரி. எந்த வருஷம் யார்கிட்ட வரும்னே தெரியக் கூடாது."

"பைத்தியமா உனக்கு?" என்றேன். "ஒவ்வொண்ணுக்கும் தேதி தேடிட்டு உக்காந்தா எப்ப முடியும்? வரிசையாப் போனாதான் ஓடும். முதல் பாதி உனக்கு, ரெண்டாம் பாதி எனக்கு. ஆச்சு."

நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹௌதா?" என்றாய்.

கன்னடத்தில் 'அப்படியா' என்று கேட்கிற சொல்தான். பிறந்ததிலிருந்து பெங்களூரில் இருப்பவள், தமிழ் பேசும்போதும் அந்த ஒரு சொல் மட்டும் உனக்குக் கன்னடத்தில்தான் வரும். உன் வாயில் அதற்கு வேறு அர்த்தம்: எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் உன்னோடு மல்லுக்கட்ட இன்றைக்குத் தெம்பில்லை. எத்தனையோ ஹௌதாக்களை நான் அலட்சியமாகத் தாண்டியிருக்கிறேன். இதையும் தாண்டினேன்.

எனக்கு அவசரம் இருந்தது, மறைக்க மாட்டேன். உன் வேலை நிரந்தரம். என்னுடையது வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பு. இந்த அளவுகளை வைத்து எழுதுகிற கட்டுரை வந்தால் நிரந்தரமாகலாம், வராவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று துறைத் தலைவர் என்னிடம் கிட்டத்தட்ட வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அது உனக்கும் தெரியும்.

கடைசியில் மாடலிலிருந்து சூரிய வெளிச்சத்தின் வரைகோடு வந்தது. ஏறி இறங்கி ஏறி இறங்கி, பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை மூச்சு விடுகிற அந்த வளைவு. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் புள்ளிகளே இல்லாத அமைதியான வருஷங்களில் கோடு போய் நிற்கிற அடிமட்டம் பாதி வழியில் கொஞ்சம் மேலே வந்திருந்தது. மயிரிழை. ஆனாலும் மேலே. அமைதியாக இருக்கும்போதே சூரியன் முன்னைவிடப் பிரகாசமாகிவிட்டதா? இதைக் கண்டுபிடிக்கத்தான் உலகத்தில் எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். தலைவர் வந்து தோளில் தட்டினார். நீ அன்று வரவில்லை. அந்த மாதம்தான் உனக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லியிருந்தார்கள்.

பிறகு நீ வீட்டோடு இருந்தாய். ஒரு நாள் போன் செய்து, "உன் பாதியிலேர்ந்து ஒரு பன்னெண்டு பிளேட் அச்செடுத்து அனுப்புறியா? கோடு போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு. ஸ்கிரீனப் பாத்தா குமட்டுது, பேப்பர்னா முடியும்" என்றாய். "எதுக்குடீ, ரெஸ்ட் எடேன்" என்றேன். "சும்மாத்தான். படுத்தே கெடந்தா பைத்தியம் பிடிக்குது" என்றாய். அனுப்பிவைத்தேன். ஏன் பன்னிரண்டு, ஏன் கோட்டோடு ஒன்று என்று யோசிக்கவில்லை. நோயாளிக்குப் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஆய்விதழிலிருந்து வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. முதல் பக்கத்தை அச்செடுத்து, ஒரு கிலோ மைசூர்பாகோடு உன் வீட்டுப் படியேறினேன். அம்மாவும் அண்ணனும் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். நீ தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு தலையணையில் சாய்ந்திருந்தாய். "வா, உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்றாய். "முதல்ல இதப் பாரு, அப்புறம் பேசு" என்று தாளை உன் மடியில் போட்டேன். முதலில் உன் பெயர், அடுத்து என் பெயர். உன் அம்மா உன் பெயரை விரலால் தடவிப் பார்த்து அழுதார். நான் பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன். என் வேலை நிரந்தரமாகப் போகிறது, அப்பாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளப் போகிறேன், இனி மூட்டை கட்ட வேண்டியதில்லை என்று மூச்சு விடாமல் பேசினேன்.

"உனக்கு சந்தோஷமா?" என்று கேட்டாய்.

"பின்ன? தலகால் புரியல."

"சரி" என்றாய். மைசூர்பாகில் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாய். என்னவோ பேச வேண்டும் என்றாயே என்று நான் திரும்பக் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, வலிக்கு ஊசி, பேச மூச்சில்லாத நாட்கள். ஆறு வாரத்தில் முடிந்துபோயிற்று.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. என் வேலை நிரந்தரமானது. அப்பா இங்கேதான் இருக்கிறார். இந்தக் கோடையில் எங்கள் தெரு முனையில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தை வெட்டலாமா கூடாதா என்று தெருவின் வாட்ஸாப் குழுவில் சண்டை. மரம் போனால் வெயில் தாங்காது என்று நாலு பேர் சொன்னார்கள். எதிர் வீட்டுக்காரர் ஒரு படத்தை எடுத்துப் போட்டார். நம் கோடு! சிவப்புச் சாயம் பூசி, அடியை வெட்டி, மயிரிழையை மலையாக இழுத்துவிட்டிருந்தார்கள். மேலே, "சூடு ஏறுவதற்குக் காரணம் மனிதன் இல்லை, சூரியனே! பெங்களூர் விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்!" கீழே பொடி எழுத்தில் நம் இரண்டு பேர் பெயரும். "மேடம், இது நீங்கதானே? சூப்பர்" என்று கைதட்டல் வேறு. அந்த ஏற்றம் உண்மையாகவே இருந்தாலும் இந்த வெயிலுக்கு அது காணாது என்று நீளமாக எழுதினேன். யாரும் படிக்கவில்லை. மரத்தை வெட்டிவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்போதும் கோட்டின்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை, அதை இழுத்துவிட்டவர்கள்மேல்தான் கோபம்.

அடுத்த வாரம் டப்பா வந்தது.

ஒவ்வொரு தாளிலும் ஒரு வட்டம், சூரியன். உள்ளே திட்டுகள். நான் போட்ட கோட்டைச் சிவப்புப் பென்சிலால் படியெடுத்திருக்கிறாய். அதே திட்டுக்கு நீயே புதிதாகப் போட்ட கோடு நீலம். பன்னிரண்டு தாளிலும், எந்தத் திட்டை எடுத்தாலும், சிவப்பு வெளியே, நீலம் உள்ளே. ஒரு பென்சில் முனை இடைவெளி, அவ்வளவுதான். சில இடத்தில் நீலம் நடுங்கியிருக்கிறது. ஊசி போட்ட கை. நடுங்கினாலும் ஓர் இடத்தில்கூட என் கோட்டைத் தாண்டவில்லை. உன் பாதி முடிந்து என் பாதி தொடங்குகிற இடத்தில்தான் நம் சூரியன் பிரகாசமாகியிருந்தது. கடைசித் தாளின் கீழே உன் பொடி எழுத்து: "சூரியன் ஏறல. கை மாறியிருக்கு. சொல்லணும். ஞாயித்துக்கிழமை வர்றா."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் மைசூர்பாகோடு வந்தேன்.

அந்த இடைவெளியை என் பாதி முழுக்கக் கழித்து மாடலை மறுபடி ஓட்டினேன். ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் நீ கண்டுபிடித்தது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உன்னைப் பற்றி அப்படி வேண்டிக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அடிமட்டம் ஒரே கோடாக, நூல் பிடித்த மாதிரி வந்து நின்றது. ஏற்றம் இல்லை.

தலைவரிடம் போய், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். தாள்களை ஒன்றொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாபஸ்னெல்லாம் பெரிய வார்த்தை எதுக்குமா? திருத்தம்னு ஒண்ணு அனுப்பலாம். முதல் பாதில அளவு குறைச்சலா எடுத்திருக்கு, அதான் பிசகுன்னு எழுதிடுங்க. பொய்யும் இல்லையே, உங்களோடத விட அவங்களோடது சின்னதுதானே? அவங்களும் இப்ப இல்ல, யாருக்கும் பாதகமில்ல."

கேள். நான் அதை எழுதினேன். எழுந்து வந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் எழுதினேன். நாலு வரி. 'முதல் ஆசிரியர் அளந்த பகுதியில்' என்று தொடங்கும். மூன்று நாள் அது என் கணினியில் அனுப்பத் தயாராக இருந்தது. அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அந்த நாலு வரி சரிதான் என்று தோன்றும். உன் பெயருக்கு என்ன, உனக்குக் கேட்கவா போகிறது? இப்படியும் நினைத்தேன். நான்காம் நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, பழக்க தோஷத்தில் மூடியில் சோற்றை எடுத்து வைத்தேன். எதிர் நாற்காலி காலி. "ஹௌதா?" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாலு வரியை அழித்தேன்.

எழுதி அனுப்புவதற்கு முன்னால் உன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பட்டது. ஏனென்றால் அந்த முதல் பக்கம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு, உன் படத்துக்குப் பக்கத்தில், ஒரே சீரியல் விளக்கு இரண்டையும் சுற்றியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் "என் பொண்ணு எழுதினது" என்று காட்டுவாராம். பஸ்ஸில் போகும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன்.

உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னேன். அந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறோம், அது தப்பு என்று.

உன் அம்மா என்னையே பார்த்தார். "அப்ப எம்பொண்ணு தப்பா போட்டுட்டாளா?"

"இல்லம்மா. அவ கையும் தப்பில்ல, என் கையும் தப்பில்ல. ரெண்டையும் நடுவுல வெட்டி ஒட்டினதுதான் தப்பு. அப்படிப் பண்ணச் சொன்னவ நான். கலைச்சுப் போடலாம்னு அவ முதல்லயே சொன்னா. நான்தான் கேக்கல."

"அவளுக்குத் தெரியுமா?"

டப்பாவைத் திறந்து கடைசித் தாளை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடி படித்தார். அண்ணன் பின்னால் வந்து நின்று தோள் வழியாகப் படித்தார்.

"ஆண்டவரே" என்றார் உன் அம்மா. தாளை மடியில் வைத்து நீவினார். பிறகு, "அன்னிக்கு நீ போனப்புறம் அவ சாப்பிடலமா. என்னடீன்னு கேட்டேன். அவ சந்தோஷமா இருக்கா, இன்னொரு நாள் சொல்லிக்கலாம்மான்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஸ்வீட்டு ஒத்துக்கலையோன்னு நெனச்சேன்."

அங்கேயே அழுதேன்.  உன் அண்ணன் நாற்காலி போட்டு ஏறி விளக்கு வயரை விலக்கி அந்தச் சட்டத்தை இறக்கினார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. உன் அம்மா பின்பக்கத்து ஆணியை நெம்பி, அட்டையைக் கழற்றி, கட்டுரைத் தாளை உருவி என் கையில் கொடுத்தார்.

"இதுல உனக்கு எத்தன தாள் வேணும்?" என்று டப்பாவைக் காட்டிக் கேட்டார்.

எல்லாம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம், அவைதானே ஆதாரம். படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"அப்ப இத நான் வெச்சுக்கறேன். இது அவ கையால போட்டதுதானே?" பன்னிரண்டாவது தாளை அவரே அந்தச் சட்டத்துக்குள் வைத்தார்.

அன்று மாலையே இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், வேலையை வரிசையாகப் பிரித்தது இரண்டாம் ஆசிரியரின் முடிவு, பிழையைக் கண்டுபிடித்தவர் முதல் ஆசிரியர். தலைவர் என்னோடு இப்போது வேலை விஷயம் மட்டும்தான் பேசுகிறார். என் நிரந்தரம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பிளேட் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டாயிற்று. முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன், தேதி தெரியாமல். என் கை இன்னும் அகலமாகத்தான் போகிறது, அதை இப்போது நான் ஒளிப்பதில்லை. ஆனால் பக்கத்து நாற்காலிக்கு இன்னொரு கை வேண்டும். விளம்பரம் கொடுத்திருக்கிறோம், சிக்கனமான கை வேண்டும் என்று அதில் எழுத முடியாதே.

பதினோரு தாள்கள் என்னிடம் இருக்கின்றன. பன்னிரண்டாவது உன் படத்துக்குப் பக்கத்தில், விளக்குக்குள். "சொல்லணும். ஞாயித்துக்கிழமை வர்றா" என்ற பொடி எழுத்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனசு படித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். உன் அம்மா பேசுகிறார், சில நாள் பேசுவதில்லை. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.